நுங்கு எங்கே தாத்தா?

உறையூர்,
10.8.2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழுசாக அரைப் பக்கம்கூட இல்லை. "பதினோராவது மாடி, மாத்திரை டப்பா, டிவி, தூக்கம். எழுத ஒன்றுமில்லை, ஒன்றும் நடப்பதும் இல்லை" என்று முடித்துவிட்டாய். ஹாஸ்டலில் இருந்தபோது ஒரு மசால் தோசையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவன் நீ! படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், ரிடையர் ஆன முதல் வருஷம் நானும் இப்படித்தான் இருந்தேன்.

காசிக்குப் போகணும், அங்கிருந்து ஹரித்வார் என்று பெரிய திட்டம் வைத்திருந்தேன், உனக்குத்தான் தெரியுமே. அம்மாவுக்கு இப்போது 84. விட்டுவிட்டுப் போக மனசில்லை. டிக்கெட்டை இரண்டு தடவை கேன்சல் செய்ததோடு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சரி, காசி கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது மேட்டூர் சமாச்சாரம்.

காலையில் காபியோடு பேப்பரைப் பிரித்தால் நான் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம். எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை. எனக்கு ஒரு சென்ட் வயல்கூடக் கிடையாது. இருந்தாலும் 112, 114 என்று ஏற ஏற எனக்கே சம்பளம் ஏறுகிற மாதிரி இருக்கும். டீக்கடையில் நாலு பேர் பந்தயமே கட்டுவோம், தோற்றவன் எல்லோருக்கும் வடை வாங்கித் தரவேண்டும். இந்த வருஷம் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தார்கள். நான் ஆடி பிறந்துதான் அணை நிரம்பும் என்று கட்டினேன். ஜூன் கடைசியிலேயே 120 அடி நிரம்பிவிட்டது! எட்டு வடை தண்டம். ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாலு நாள் ஆகும். நம் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்குப் பேட்டவாய்த்தலையில் பிரிகிற தண்ணீர். வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தால் இன்னும் அந்தச் சேற்று வாசனை வருகிறது, மாப்ளே. பாலத்தில் நின்று மூக்கை நீட்டிக்கொண்டு பார்த்தேன். குதிக்கத்தான் முடியாது. நாம் குதித்த இடத்தில் இப்போது கம்பி வேலி, அந்தப் பக்கம் குப்பை. அதை எழுதினால் உனக்கும் மனசு கெடும், விடு.

ஆடிப்பெருக்கு இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை வந்ததால் மகனும் மருமகளும் பிள்ளைகளும் சென்னையிலிருந்து வந்துவிட்டார்கள். மகளும் வந்தாள். எல்லோருமாகக் கல்லணைக்குப் போவதென்று முடிவானது. ஒன்பது பேர், ஒரு காரில் அடங்காது. பக்கத்து வீட்டுப் பையன் தண்ணீர் கேன் போடுகிற குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். அதன் பின்னால் ஜமுக்காளம் விரித்து, அம்மாவுக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டி, கிளம்பிவிட்டோம். சட்டப்படி தப்புதான், தெரியும். நீ அங்கிருந்து திட்டாதே, மகன் ஏற்கெனவே திட்டிவிட்டான். அம்மா மட்டும் சப்பரத்தில் எழுந்தருளின மாதிரி உட்கார்ந்து, காவிரிப் பாலத்தில் போகும்போது இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

சப்பரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பேரனுக்குச் செருப்பு டப்பாவில் சப்பரம் செய்துகொடுத்தேன். நான்கு மூடிச் சக்கரம், நடுவில் மஞ்சள் பிள்ளையார். கடையில் மரச் சப்பரம் கிடைக்கிறது, வாங்கியிருக்கலாம். ஆனால் பசையும் கத்திரிக்கோலுமாக அவனோடு தரையில் உட்கார்ந்த அந்த இரண்டு மணி நேரம் எந்தக் கடையில் கிடைக்கும்?

திருவானைக்காவல் தாண்டி, திருவளர்சோலை தாண்டி, உத்தமர்சீலி பக்கம் வந்தபோது பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை. பையன் இரண்டு டயரையும் யாரோ ஒருவர் வண்டியில் போட்டுக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனான். ஆடிப்பெருக்கு அன்றைக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? மணி பதினொன்று. மகன் மொபைலைப் பார்த்துக்கொண்டு எல்லோரையும் குறை சொல்ல ஆரம்பித்தான். எனக்கும் உள்ளுக்குள் புகைந்தது.

சாலை ஓரமெல்லாம் வாழைத் தோட்டம். ஆடிக் காற்றுக்குப் பயந்து மரத்துக்கு மரம் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது. பிள்ளைகளுக்கு அது போதுமே! தோட்டக்காரர், "வாங்க, வெயில்ல ஏன் நிக்கிறீங்க" என்று கூப்பிடுவதற்குள் மூன்று பேரும் தொட்டிக்குள் இருந்தார்கள். குழாய்க்கு நேர் கீழே தலையைக் கொடுத்துவிட்டு, மூச்சு முட்டி, கத்தி, மறுபடி கொடுத்து... ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் மகனும் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கியிருந்தான். கம்பெனியில் அவன் மேனேஜர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானும் இறங்கினேன். இதை என் டாக்டரிடம் சொல்லவில்லை.

அம்மா வாய்க்கால் ஓரத்தில் நாற்காலியைப் போடச் சொன்னாள். "கல்லணைக்குப் போய்த்தான் கும்பிடணுமா? இதுவும் அவ தண்ணிதான்" என்று சொல்லி, வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் பிள்ளையாரைப் பிடித்து வைத்து, காப்பரிசி, காதோலை கருகமணி, பூ எல்லாம் வைக்கச் சொன்னாள். என் வீட்டுக்காரியும் மகளும் மருமகளும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அப்பா போனதிலிருந்து இந்த நேரத்தில் அம்மா கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவாள். யாரும் சொல்லி இல்லை, அவளாகவே. பேத்தி நேரே அவளிடம் போய், "கொள்ளுப்பாட்டிதான் எனக்குக் கட்டணும்" என்று கையை நீட்டிவிட்டாள்.

"நான் கட்டக்கூடாது கண்ணு, அம்மாகிட்ட கட்டிக்கோ."

பிள்ளை கையை மடக்கவே இல்லை. என் வீட்டுக்காரிதான், "கட்டுங்க அத்தை, நீங்க கட்டாம அவ விடமாட்டா" என்றாள். அம்மா கட்டினாள். முடிச்சு விழ ரொம்ப நேரம் ஆனது, விரல் நடுங்குகிறதில்லையா. அப்புறம் என் பேரன் கையை நீட்டினான், மகன் நீட்டினான், கடைசியில் நானும் நீட்டினேன். கயிறு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.

அங்கேயே இலை அறுத்துத் தந்தார்கள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தூக்குச்சட்டியில் தயிர்ச்சாதம், தொட்டுக்கொள்ள வடகமும் மாவடுவும். ஈரத்தலையோடு சாப்பிட்டால் தயிர்ச்சாதத்துக்கு ஒரு தனி ருசி, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டக்காரர் வீட்டுக்கும் ஒரு பங்கு போனது. அவர் ஒரு சீப்பு ரஸ்தாளி கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார்.

கல்லணை போய்ச்சேர நாலரை ஆகிவிட்டது. காவிரி, வெண்ணாறு, புதாறு, கொள்ளிடம் என்று விரல் விட்டுக் காட்டினேன். கரிகாலன் யானைமேல் உட்கார்ந்திருப்பதையும் காட்டினேன். பேரன் எதையும் கவனிக்கவில்லை, மதகுக்குக் கீழேயே பார்த்துக்கொண்டு நின்றான். "நுங்கும் நுரையுமா வரும்னு சொன்னீங்களே, நுரை இருக்கு. நுங்கு எங்கே தாத்தா?" அறுபத்தைந்து வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை! என்னிடம் பதில் இல்லை. திரும்பும் வழியில் நுங்கு விற்கிறார்களா என்று தேடினோம். ஆகஸ்டில் நுங்கு எங்கே கிடைக்கும்? கரும்புச் சாற்றில் சமாதானம் செய்தேன்.

உன் அத்தை, அதாவது என் அம்மா, உன்னை விசாரித்தாள். 1977 வெள்ளத்தில் உன் வீட்டு மாடியில் நாம் எல்லோரும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தோமே, அதை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு உன் அம்மா போட்ட ரவா உப்புமாவில் உப்பே இல்லையாம்.

ஒன்றும் நடப்பதில்லை என்றாயே. நீ இருக்கிற புனேக்கு மேலே கடக்வாஸ்லா அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அதைத் திறந்துவிட்டால் முத்தா ஆற்றில் பிடே பாலமே முழுகிப்போகிறது என்று நீயேதான் ஒரு தடவை எழுதியிருந்தாய். லிஃப்டில் இறங்கி ஒரு ஆட்டோ பிடித்துப் போய்ப் பார், பேத்தியையும் கூட்டிக்கொண்டு போ. அடுத்த கடிதத்தில் அணையில் தண்ணீர் எவ்வளவு என்று எழுது. டீக்கடையில் உன் பேரிலும் ஒரு பந்தயம் கட்டி வைத்திருக்கிறேன். தோற்றால் வடைக்காசை ஜிபே பண்ணிவிடு.

உன்,
மாப்ளே

பி.கு.: சப்பரத்தின் ஒரு சக்கரம் கல்லணையில் கழன்று தண்ணீரில் போய்விட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் யாருக்காவது கிடைக்கும் என்று பேரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்லு, போனில் கேட்பான்.