கைக்குழந்தையோடு பழைய துறைமுக நகரம்: பயணப் பக்கத்தில் விடுபடுபவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறைக் காலம் வந்தால் பழைய கடற்கரை நகரங்களைப் பற்றிய பயணக் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும், கலங்கரை விளக்கத்துக்கு எப்படிப் போவது என்பதெல்லாம் இருக்கும். எத்தனை படி, வழியில் நிழல் உண்டா, குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் ஓரம் இருக்கிறதா என்பது இருக்காது. முதல்முறையாகக் கைக்குழந்தையோடு கிளம்பும் பெற்றோருக்கு இவைதான் முதலில் வேண்டும். உங்கள் பக்கத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வரி ஒதுக்கினால் போதும்.

இந்த நகரங்களில் பெற்றோரை ஏமாற்றுவது கடற்காற்று. வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் பெரியவர்களுக்கு வெயில் உறைப்பதில்லை. கோட்டை முற்றங்களில் மரம் அரிது. கற்சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையிலும் கக்கிக்கொண்டிருக்கும். மணலும் அலை நுரையும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அடிப்பதால் குடை நிழலிலும் தோல் கன்றிப்போகலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் காட்டவே கூடாது. சன்ஸ்கிரீனை நம்பாமல், முழுக்கை மெல்லிய பருத்திச் சட்டையும் அகலமான விளிம்புள்ள தொப்பியும் போட வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. தண்ணீரில் நனைந்தால் உடனே மறுபடியும்.

வெயிலுக்காக ஸ்ட்ரோலரின் (குழந்தைத் தள்ளுவண்டியின்) மேல் துணியைப் போர்த்துவதை எங்கும் பார்க்கலாம். இது நிழல் அல்ல, அடுப்பு. காற்றோட்டம் நின்று, சில நிமிடங்களிலேயே உள்ளே சூடு ஏறிவிடும். குழந்தையின் முகமும் கண்ணுக்குத் தெரியாது. சூட்டைக் கையையோ காலையோ தொட்டுப் பார்த்துக் கணிக்கக் கூடாது. பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள்.

கல் பாவிய தெருக்களில் ஸ்ட்ரோலரின் சின்னச் சக்கரம் இடுக்கில் மாட்டும். தலை நிற்காத குழந்தையின் கழுத்து குலுங்கும். கோட்டைக்குள், குழந்தையை நம் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் பேபி கேரியர்தான் சரி. முகம் எப்போதும் தெரிய வேண்டும். மோவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சு முட்டும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு உடம்புச் சூடும் சேர்வதால் அடிக்கடி நிழலில் இறக்கிக் காற்றாட விடுவது அவசியம். ஸ்ட்ரோலர் மாலையில் கடற்கரைச் சாலையில் உலாவுவதற்கு.

"வெயிலாச்சே, ரெண்டு ஸ்பூன் தண்ணி குடு" என்று கூட வருபவர்கள் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் வேண்டாம். பாலையே அடிக்கடி கொடுத்தால் போதும். பவுடர் பாலைத் தண்ணீராகக் கரைப்பது அதைவிட மோசம்: இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். பவுடரை அளந்து தனி டப்பாக்களிலும் கொதித்த நீரை ஃபிளாஸ்கிலும் எடுத்துப்போய், வேண்டும்போது மட்டும் கலக்குங்கள். நீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால்தான் பவுடரில் உள்ள கிருமி சாகும். பிறகு பாட்டிலைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். குடித்த மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பிழிந்தெடுத்த தாய்ப்பால், ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம் வரை தாங்கும்.

நான்கைந்து மாதக் குழந்தை சேர்ந்தாற்போல விழித்திருப்பது ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். அதற்குள் போகிற நேரமும் அடங்கும். ஆகவே காலையில் ஓர் இடம், நண்பகலில் அறை, மாலையில் கடற்கரை. ஒரே நாளில் அருங்காட்சியகம், தேவாலயம், கோட்டை மூன்றும் என்று திட்டம் போடுகிறவர்கள் மூன்றாவதில் அழுகையைத்தான் பார்ப்பார்கள்.

பழைய மாளிகைகளை விடுதியாக்கிய இடங்கள் அழகுதான். ஆனால் செங்குத்தான மரப்படி, தாழ்ந்த பால்கனிக் கம்பி, உரிந்து விழும் பெயின்ட் மூன்றையும் கவனியுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தவழும் குழந்தை அதை வாயில் வைக்கும். தரைத்தளமாகக் கேளுங்கள். தொட்டிலில் மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையே இரண்டு விரலுக்கு மேல் நுழைந்தால் வேறு தொட்டில் கேளுங்கள்.

கடலில் கால் நனைத்தால் நல்ல நீரில் கழுவிய பிறகே டயாபர் போட வேண்டும். உப்பும் மணலும் உரசித் தோல் புண்ணாகும். கண்ணில் மணல் பட்டால் தேய்க்காமல் நீர் விட்டுக் கழுவுங்கள்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது. துவண்டு போவது, பால் மறுப்பது, ஆறு மணி நேரமாக டயாபர் நனையாதது ஆகியவற்றுக்கு எந்த வயதுக் குழந்தையானாலும் உடனே மருத்துவர்தான். கோட்டைச் சுவருக்குள் பல தெருக்களில் வண்டி நுழையாது. ஆம்புலன்ஸ் எந்த வாயில்வரை வரும், அங்கிருந்து குழந்தைகள் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதை அறைச் சாவி வாங்கும்போதே விடுதியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்