செயலாளரின் ஆண்டறிக்கை: கோல் மரத்தேவாலயம் பற்றி

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டங்கள் வழமைபோல நடந்தன, கணக்கைப் பொருளாளர் அக்கா தனியாக வாசிப்பார், அதனால் இந்த வருடம் நாங்கள் அதிகம் பேசிய விஷயத்துக்கே நேராக வருகிறேன்.

ஒஸ்லோ பிக்டோயில் இருக்கும் நாட்டார் அருங்காட்சியகத்தில் கோல் மரத்தேவாலயத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். வந்தபின் சிலர் கேட்டார்கள்: மூன்றில் ஒரு பங்கு மரம்தான் பழையதாம், வெளிப்பக்கம் போர்குண்ட் என்ற இன்னொரு பழைய மரத்தேவாலயத்தைப் பார்த்துச் செய்ததாம், பிறகு என்ன பழைய தேவாலயம்? நியாயமான கேள்விதான். ஆனால் அது முதலில் நின்ற ஹாலிங்டால் பள்ளத்தாக்கின் கோல் ஊரிலேயே அப்படியே இருந்திருந்தால் அந்த மூன்றில் ஒரு பங்கும் இன்று இருந்திராது என்பதே என் எண்ணம்.

நோர்வேயின் 1851ஆம் ஆண்டுச் சட்டம், ஊரில் பத்துப் பேரில் மூன்று பேருக்காவது தேவாலயத்துக்குள் இடம் இருக்க வேண்டும் என்றது. 1200ஆம் ஆண்டளவில் கட்டிய சின்ன மரத்தேவாலயங்களுக்கு அது எப்படி முடியும்? பல ஊர்களில் இடித்தார்கள். ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தவை, இன்று மிஞ்சியவை 28. கோலிலும் புதிய தேவாலயம் வந்தது; பழையதைத் தொல்சின்னப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று வாங்கியது, செலவை மன்னர் இரண்டாம் ஒஸ்கார் ஏற்றார், கட்டடக் கலைஞர் வால்டெமார் ஹான்ஸ்டீன் பொறுப்பில் 1885இல் பிக்டோயில் எழுப்பி முடித்தார்கள்.

இப்படிக் கழற்றிப் பூட்ட முடிந்ததற்குக் காரணம் அந்தக் காலத்துத் தச்சுவேலை. இன்னும் முந்தைய தேவாலயங்களில் தூணை மண்ணில் நட்டார்கள், அடி உக்கிப்போனது. இங்கே கல் அத்திவாரத்தின் மேல் பெரிய கிடைமரங்களைப் போட்டு, அவற்றின் மேல் தூண்களை நிறுத்தி, சுவர்ப் பலகைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கிறார்கள். உள்ளே நின்று தூண்களுக்கிடையே பெருக்கல் குறிபோலப் போகும் மரங்களை அண்ணாந்து பார்த்தால் அந்தத் தச்சர்களின் கணக்கு விளங்கும். பீடத்துக்குப் பின்னால் 1652இல் தீட்டிய இறுதி இராப்போசனம். அப்புறம் பிள்ளைகள் நகராமல் நின்ற இடம், பலகையில் பழையவர்கள் கீறிவைத்த மிருக உருவங்கள்.

இடம் மாற்றியதெல்லாம் தப்பிவிடவில்லை. பேர்கனுக்குக் கொண்டுவந்த ஃபான்டோப்ட் தேவாலயத்துக்கு 1992இல் தீ வைத்துவிட்டார்கள்; இன்று நிற்பது புதிதாகக் கட்டியது.

அடுத்த வருடம், இடம் மாறாமலே நிற்கும் ஹெடால் தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று நிர்வாக சபை விரும்புகிறது. பஸ் செலவுக்கு இன்றைய பொதுக்கூட்டம் அனுமதி தர வேண்டும். இளையவர்களைக் கட்டாயம் கூட்டிவாருங்கள்.

செயலாளர்