கப்பலில் போவது நேரத்தை வீணடிப்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த அந்தமான் பயணக் கட்டுரையில், "சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு இரண்டே கால் மணி நேரம்தான், நேரத்தை வீணடிக்க நினைப்பவர்கள் கப்பலில் போகலாம்" என்று எழுதியிருந்தார்கள். பல வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

என் தங்கையைக் கட்டிக் கொடுத்தது அங்கேதான். தலைப்பிரசவத்துக்கு அவள் வந்ததும், மாமனாரை வைத்தியத்துக்கு அழைத்து வந்ததும் கப்பலில்தான். கோடை விடுமுறையில் விமான டிக்கெட் எங்கே போய் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர், அதாவது இங்கிருந்து கொல்கத்தாவுக்குப் பறக்கிற தூரம். அந்தத் தூரத்தைக் கப்பலில் கடக்க 60 மணி நேரம் ஆகும். வாந்தியும் தலைசுற்றலுமாக, கைக்குழந்தையோடு பங்க் படுக்கையில் கிடப்பவர்கள் நேரம் போகாமலா வருகிறார்கள்?

சரி, அந்த இரண்டே கால் மணி நேரத்துக்கே வருகிறேன். அங்கேயும் நம் கடிகாரம்தான் என்றாலும் கிழக்கே தள்ளி இருப்பதால் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். அதனால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே கிளம்புகின்றன. இரண்டு மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் நிற்க வேண்டும். மெட்ரோவோ காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. நடுராத்திரியில் காருக்குப் பதிவு செய்தால், வடசென்னையில் இருக்கும் எங்கள் தண்டையார்பேட்டை என்றதும் டிரைவர் போனை வைத்துவிடுகிறார். எப்படியோ ஒரு வண்டி கிடைத்தாலும் வழியெல்லாம் கன்டெய்னர் லாரி வரிசை. இந்த நேரமெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் ஐயா?

அந்த மெட்ரோவும் விமான நிலையத்துக்கு 2016-லேயே போய்விட்டது. எங்கள் பக்கம், விம்கோ நகர் வரை வர 2021 ஆனது. புது விமான நிலையம் பரந்தூரில் என்கிறார்கள். அது காஞ்சிபுரம் மாவட்டம். எங்களுக்கு இன்னும் தூரம்தான் கூடும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கள் பக்கத்து ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. இன்று வெளியூர் ரயிலுக்கு நாங்கள் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும்தான் ஓட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது படகும் வலையும் பாழாகி மீனவர்கள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வந்த கேமராக்களை அப்புறம் இந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. துறைமுகம், அனல்மின் நிலையம், மணலியின் ஆலைகள் எல்லாவற்றையும் எங்கள் பக்கம் வைத்துவிட்டு, சென்னை என்று எழுத உட்காரும்போது மட்டும் எங்களை விட்டுவிடுகிறீர்கள்.

எங்கள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி எங்களை வளர்த்தவர். அந்தமான் கப்பலை எங்கள் தெருவில் யாரும் ஏளனமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதை உங்கள் பத்திரிகையில் படிக்க வேண்டியதாகிவிட்டது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்தமான் கப்பல் எந்தத் தேதியில் கிளம்புகிறது, டிக்கெட் எப்போது கொடுக்கத் தொடங்குகிறார்கள் என்பதை மாதாமாதம் ஒரு மூலையில் போடுங்கள். கவுன்டருக்குப் போய்த்தான் தெரிந்துகொள்கிறோம். போவதற்குள் இடம் முடிந்துவிடுகிறது. இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81