க்ளேட்டன் அடுக்கிய சுவர்

அன்புள்ள சிவா,

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று வாசு சொன்னான். இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் பார்த்துவிடு. இங்கே நியூகாஸிலில் மகள் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். பேரன் கோபம் வந்தால் மட்டும் சுத்தமான தமிழில் பேசுகிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ஹேட்ரியன் சுவருக்குப் போனோம். அன்றிலிருந்து மனசுக்குள் உன்னோடுதான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஹம்பியில் பாதியில் விட்ட அதே சண்டை: இடிந்ததை மறுபடி அடுக்கலாமா, இடிந்தபடியே விடணுமா?

கி.பி. 122-இல் ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தபோது தொடங்கிய வேலை. கிழக்கே டைன் ஆற்றங்கரையிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை சுமார் 118 கிலோமீட்டர். நாங்கள் நடந்தது நடுப்பகுதியில், ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை. வடக்குப் பக்கம் பாறை செங்குத்தாக இறங்குகிறது. அந்த விளிம்பிலேயே சுவர் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடி ஏறுகிறது. கீழே கிராக் லாஃப் ஏரி. அதற்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளிதான். காற்று ஆளையே தள்ளுகிறது. சிகமோர் பள்ளத்தில் அந்தப் பேர்பெற்ற மரம் இப்போது இல்லை. 2023 செப்டம்பரில் ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துத் தள்ளிவிட்டார்கள், பாவிகள். விழுந்தது சுவரின் மேலேயே. இரண்டு பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. அடிக்கட்டை துளிர்த்திருக்கிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஜான் க்ளேட்டனைப் பற்றி. நியூகாஸில் நகராட்சியின் தலைமை எழுத்தர், வழக்கறிஞர். அவருடைய அப்பா செஸ்டர்ஸ் என்ற இடத்தில் ரோமானியக் கோட்டை எச்சங்களைச் சமன்படுத்திப் புல்தரை ஆக்கியவர். மகனோ அதே புல்லைப் பெயர்த்துத் தோண்டினார்! அதற்கு முன்பே, 1745 ஸ்காட்லாந்துக் கலகத்தின்போது நியூகாஸிலிலிருந்து கார்லைலுக்குப் படை போக நல்ல பாதை இல்லையென்று, 1750-களில் மைல் கணக்கில் சுவரை இடித்து, அதன்மேலேயே ரோடு போட்டிருந்தார்கள். மிச்சமிருந்த கல்லையும் மாட்டுக்கொட்டகைக்கும் வேலிக்கும் எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். க்ளேட்டன் யாரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. 1834-இலிருந்து, சுவர் ஓடும் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்க ஆரம்பித்தார். 1890-இல் 98 வயதில் இறந்தபோது ஹவுஸ்டெட்ஸ், விண்டோலாண்டா உட்பட ஐந்து கோட்டைகள் அவர் கையில் இருந்தன.

வாங்கியதோடு விடவில்லை. அடியில் சரிந்து கிடந்த முகப்புக் கற்களை ஆள் வைத்துப் பொறுக்கி, இரண்டு பக்கமும் மறுபடி அடுக்கச் செய்தார். சாந்து கிடையாது. தலைப்பில் புல்லோடு மண். நீ என்ன சொல்வாயென்று தெரியும்: "அப்படியானால் அது ரோமானியச் சுவரே இல்லை. இடிந்தது இடிந்தபடியே கிடக்கணும்."

சிவா, அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். சதுரமாகக் கொத்திய கல், இரண்டு கையால் ஒருவன் தூக்குகிற அளவுதான். உளித்தடத்தில் சாம்பல் நிறப் பாசி படர்ந்திருக்கிறது. இடுக்கில் விரல் போகிறது. சுண்ணாம்பு தட்டுப்படவில்லை, சின்னப் பெரணிதான் முளைத்திருக்கிறது. ரோமானியர் சாந்து வைத்துக் கட்டினார்கள், இவர் வைக்கவில்லை. ஆக, எது யார் வேலை என்று பார்த்தாலே தெரிகிறது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? கல் அந்த மண்ணில் கிடந்த கல். அடுக்காமல் விட்டிருந்தால் அதுவும் மாட்டுக்கொட்டகைக்கோ வேலிக்கோ போயிருக்கும். உன் பக்கம் ஒரு நியாயம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சரிந்த கல் கிடந்த கிடையே ஒரு சாட்சியம். எப்படி விழுந்தது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதெல்லாம் அதைப் பொறுக்கியதோடு போய்விட்டது. அது பெரிய நஷ்டம்தான். ஆனாலும் கல்லே இல்லாமல் போகும் நஷ்டத்தோடு அதை எடை போட்டுப் பார். ஒரு மனிதன் தன் சம்பாத்தியத்தை ஐம்பது வருஷத்துக்கு மேல் கல்லில் போட்டிருக்கிறான். அவனை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

அப்புறம், ஹவுஸ்டெட்ஸில் கழிப்பறை வரிசைகூட அப்படியே இருக்கிறது, ஓரமாக ஓடும் தண்ணீர்க் கால்வாயோடு. உன் என்ஜினியர் மூளைக்கு அங்கே அரைநாள் ஓடும்.

இதற்குப் பதில் எழுதுடா. வாட்ஸாப்பில் கட்டைவிரலைப் போட்டுத் தப்பிக்காதே. வாசுவுக்குக் கம்பளி வாங்கியாயிற்று, சொல்லிவிடு.

அன்புடன்,
பாலு