சேகருக்கு, .270 பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மிசூலாவில் வீடு அமைந்துவிட்டது, வனஜாவுக்கு வேலையும் கிடைத்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஹூஸ்டனை விட்டுக் கிளம்ப நீ எவ்வளவு தயங்கினாய்! மொன்டானாவில் 180 நாள் குடியிருந்தால் உள்ளூர்க்காரர் லைசென்ஸ் வாங்கலாம் என்பதால், இந்த அக்டோபரில் உன் முதல் எல்க் (பெரிய மான்) வேட்டை உறுதி. இங்கே பென்சில்வேனியாவில் எல்லோரும் நலம். அம்மா பாளையங்கோட்டையிலிருந்து ஏப்ரலில் வந்தார். கொல்லையில் அவர் நட்ட வெண்டையை மான்கள் விட்டுவைப்பதில்லை. விடியற்காலையில் ஜன்னல் திரையை விலக்கி, "உன் ஆட்கள் வந்திருக்காங்க" என்று என்னைத்தான் எழுப்புகிறார்.

சரி, நீ கேட்டதுக்கு வருகிறேன். ரைஃபிளுக்கு .270 வின்செஸ்டர் தோட்டா என்று முடிவு செய்தது நல்லது. 1925-இல் வந்த தோட்டா, நூறு வருஷம் தாண்டியும் மலைக்காட்டில் அதற்கு மதிப்புக் குறையவில்லை. குழல் 20 அங்குலமா, 22-ஆ, 24-ஆ என்று கேட்டிருந்தாய். 20 எடுத்தால், "குழல் குட்டை, அதனால் தோட்டா நிரப்பும்போது சீக்கிரம் எரியும் வெடிமருந்து போட வேண்டும்" என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். அந்த இரண்டாவதை முதலில் தீர்த்துவிடலாம். சுடுதளத்தில் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள், ஆனால் அது சரியில்லை.

தோட்டா வெடித்து, குண்டு முதல் சில அங்குலம் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்தைத் தொட்டுவிடும். .270-க்கு அனுமதித்த உச்சம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. மருந்தின் பெரும்பகுதி குழலின் முதல் பாதிக்குள்ளேயே எரிந்து முடிகிறது. அதற்குப் பிறகு குழலில் நடப்பது வாயு விரிந்து குண்டைத் தள்ளும் வேலைதான். குழல் வாயில் தெரிகிற நெருப்பைப் பார்த்து "மருந்து எரியாமல் வீணாய்ப் போகிறது" என்பார்கள். சூடான வாயு வெளிக்காற்றோடு கலந்து மறுபடி பற்றிக்கொள்வதுதான் பெரும்பாலும் அந்த நெருப்பு.

வேகமாக எரியும் மருந்து வைக்கோல் மாதிரி, குப்பென்று எழுந்து அடங்கும். மெதுவாக எரிவது புளியங்கட்டை மாதிரி. உச்ச அழுத்தம் இரண்டுக்கும் ஒன்றுதான், அதைத் தாண்டக் கூடாது. ஆனால் மெதுவான மருந்தை அந்த வரம்புக்குள் கூடுதலாகப் போடலாம், உச்சத்துக்குப் பிறகும் அழுத்தம் சட்டென்று விழாது. 24 அங்குலத்தில் அதிக வேகம் தரும் மருந்து 20 அங்குலத்திலும் அநேகமாக அதே முதலிடத்தில்தான் நிற்கும். குழலைக் குறைத்தால் எல்லா மருந்துக்கும் வேகம் குறையும், வரிசை மாறுவது அபூர்வம். மருந்தைத் தீர்மானிப்பது கேஸின், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டின், கொள்ளளவும், குழல் துளையின் விட்டமும், குண்டின் எடையும். .308 தோட்டாவுக்கு வார்கெட், ஐஎம்ஆர் 4064 என்ற மருந்துகள்; .30-06-க்கு 4350; .270-க்கு 4831. கேஸ் பெரிதாக, துளை சிறிதாக ஆக, மருந்து மெதுவாகிக்கொண்டே போகிறது பார். இந்த வரிசையில் குழல் நீளம் எங்கேயும் வரவே இல்லை.

அப்புறம் குழல். ஒரே குழலை அங்குலம் அங்குலமாக அறுத்து, ஒவ்வொரு முறையும் வேகத்தை அளந்தவர்கள் நிறையப் பேர். .270 மாதிரித் தோட்டாவுக்கு அங்குலத்துக்கு நொடிக்கு 20 முதல் 30 அடி வரை வேகம் குறையும், மேக்னம் என்ற அதிக மருந்துத் தோட்டா என்றால் இன்னும் கொஞ்சம் அதிகம். கடைத் தோட்டாவில் 130 கிரெயின் (கிரெயின் என்பது சிறு எடை அளவு) குண்டுக்குப் பெட்டியில் போட்டிருக்கும் நொடிக்கு 3,060 அடி, 24 அங்குலக் குழலில் அளந்தது. 20 அங்குலத்தில் 2,950 பக்கம் வரும். 200 கஜத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்து 300 கஜத்தில் சுட்டால், இந்த இரண்டு வேகத்துக்கும் குண்டு இறங்குவதில் வித்தியாசம் ஒரு அங்குலம்கூட இல்லை. மலையேறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது கை நடுங்குவது இதைவிடப் பல மடங்கு.

அப்படியானால் 20 போதுமா? வேகத்துக்குப் போதும். நான் யோசிப்பது உன் காதைப் பற்றி. குண்டு வெளியேறும்போது குழலுக்குள் மிச்சமிருக்கும் அழுத்தம் குட்டைக் குழலில் அதிகம், சத்தமும் அதிர்வும் அதற்குத் தக்கபடி. எந்த வேட்டை ரைஃபிளும் 150 டெசிபெலைத் தாண்டும், காது கெட 140 போதும். வேட்டையில் காதுக்கவசம் போட்டுக்கொள்ள நேரமிருக்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது மனசே ஒப்பாது. சத்தத்தைக் குறைக்கும் சப்ரெஸர் மாட்டுவதாக இருந்தால் 20 எடுத்துக்கொள். அதற்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 ஜனவரி 1-இலிருந்து இல்லை, விண்ணப்பமும் பதிவும் மட்டும் அப்படியே இருக்கின்றன. மொன்டானாவில் அதோடு வேட்டையாடலாம். ஆனால் அது முனையில் ஆறேழு அங்குலம் சேர்க்கும் என்பதையும் கணக்கில் வை. மாட்டப்போவதில்லை என்றால் 22 எடு. தோளில் தொங்கவிட்டுக் கீழே விழுந்த லாட்ஜ்போல் பைன் மரங்களைத் தாண்டித் தாண்டிப் போகும்போது 24 எங்கேயாவது இடித்துக்கொண்டே இருக்கும். புல்வெளியில் மட்டும் சுடுகிறவனுக்கு அது பரவாயில்லை.

மருந்து என்றால், என் ஓட்டு ஹாட்ஜ்டன் கம்பெனியின் ஹெச் 4831 எஸ்சி-க்கு. அதன் கதை உனக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாவுக்குப் போட்ட மருந்து அது. போர் முடிந்து மலைபோல் மிஞ்சியதை கான்ஸஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் வாங்கி, வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு மலிவாக விற்றார். .270-இன் பேர் பரவியதில் அந்த மருந்துக்கும் பங்கு உண்டு. மிச்சம் தீர்ந்த பிறகு புதிதாகச் செய்யத் தொடங்கினார்கள். இப்போது ஆஸ்திரேலியாவில் முல்வாலா ஆலையிலிருந்து வருகிறது. மருந்து சிறு குச்சிகளாக இருக்கும், பழைய வகையின் குச்சிகள் நீளம். மருந்தை அளந்து ஊற்றும் கருவியின் உருளையைத் திருப்பும்போது குச்சிகள் விளிம்பில் மாட்டி நறநறவென்று அறுபடும், ஒவ்வொரு வீச்சும் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எஸ்சி என்றால் குச்சியைக் குட்டையாக நறுக்கியது. மணல் மாதிரி வழியாவிட்டாலும் சிக்காமல் இறங்கும். கேஸின் கழுத்தடி வரை கிட்டத்தட்ட நிரம்பிவிடுவதால் உள்ளே மருந்து முன்னும் பின்னும் சரியாது.

இந்த மருந்தைச் சொல்ல இன்னொரு காரணம் குளிர். ஜூலை வெயிலில் நீ தோட்டாவைச் சோதித்து முடிப்பாய், நவம்பர் விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் சுடுவாய். சில மருந்துகளில் குளிரில் வேகம் நன்றாகவே குறையும், வெயிலில் அழுத்தம் ஏறும். ஹாட்ஜ்டனின் எக்ஸ்ட்ரீம் வகைகள் இதில் நிதானமானவை.

இதை மட்டும் கவனமாகப் படி. ஹெச் 4831 வேறு, ஐஎம்ஆர் 4831 வேறு. எண் ஒன்றுதான், ஆனால் ஐஎம்ஆர் சீக்கிரம் எரியும். ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் அழுத்தம் எங்கேயோ போய்விடும். கடையில் ஹெச் இல்லை, ஐஎம்ஆர் இருக்கிறது என்று யாராவது நீட்டினால், வாங்கலாம், ஆனால் அதற்கென்று அச்சான அட்டவணையோடு முதலிலிருந்து தொடங்கு. நான் எத்தனை கிரெயின் போடுகிறேன் என்று கேட்டிருந்தாய். சேகர், அதை எழுத மாட்டேன். என் ரைஃபிளின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வேறு, உன் சேம்பர் வேறு. மருந்துக் கம்பெனியின் புத்தகத்தில் உன் குண்டுக்கு உள்ள தொடக்க அளவிலிருந்து ஏறு. போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது ஒட்டினாலோ, கேஸின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிப் பரவியிருந்தாலோ, கேஸின் அடியில் பளபளப்பான வட்டத் தடம் விழுந்திருந்தாலோ அங்கேயே நிறுத்து, கீழே இறங்கு. தொடக்க அளவுக்கும் கீழே போகாதே. இந்த மாதிரி மெதுவான மருந்தில் அதுவும் ஆபத்து.

சுட்ட கேஸை மறுபடி நிரப்புமுன் ஒரு வேலை செய். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து, கேஸுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரை மெல்லத் தடவிக்கொண்டே வா. அடிக்குச் சற்று மேலே சிறு பள்ளத்தில் நுனி இடறினால் பித்தளை அங்கே மெலிந்திருக்கிறது, அடுத்த வெடியில் அடி தனியாகக் கழன்று வரும். வெளியே அந்த இடத்தில் மெல்லிய வெளிர் வளையமும் தெரியும். அந்தக் கேஸை இடுக்கியால் நசுக்கி எறிந்துவிடு, பெட்டியில் திரும்பப் போடாதே. பக்கத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கட்டும், செல்போன் வேண்டாம், மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும்.

குண்டைப் பற்றி நீ அதிகம் கேட்கவில்லை. எனக்கோ குழலைவிட அதுதான் கவலை. எல்க் நம் ஊர் வெள்ளைவால் மான் மாதிரி இல்லை, ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். ஜான் நோஸ்லர் 1940களில் பார்ட்டிஷன் குண்டை உருவாக்கியதே, சேறு பூசிய மூஸ் என்ற பெரிய மானின் உடலில் சாதாரணக் குண்டு ஆழமாகப் போகாததால்தான். 150 கிரெயின் பார்ட்டிஷனோ, 130 கிரெயின் முழுச் செம்புக் குண்டோ எடு. செம்பு எனக்குப் பிடிக்கும், ஈயத் துணுக்கு இறைச்சியில் சிதறாது, குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். ஆனால் செம்புக்கு விரிய வேகம் வேண்டும். அங்கேதான் குட்டைக் குழல் கொஞ்சம் குறுக்கே வருகிறது, 20 எடுத்தால் 300 கஜத்துக்குள்ளேயே சுடு.

மிருகம் வலியில்லாமல் சட்டென்று சாக வேண்டும், இவ்வளவு கணக்கும் அதற்காகத்தான். சுடுதளத்தில் 100 கஜத்தில் மூன்று குண்டு ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் மருந்தை மாற்றுவதை நிறுத்திவிடு. மிச்ச நேரத்தில் மண்டி போட்டும், முதுகுப்பையில் சாய்த்தும் சுட்டுப் பழகு.

நான் அக்டோபர் கடைசி வாரம் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. விமானத்தில் மருந்தும் பிரைமரும் எந்தப் பையிலும் கூடாது, நிரப்பிய தோட்டா மட்டும் செக்-இன் பையில் 5 கிலோ வரை விடுவார்கள். அதனால் டப்பா கொண்டு வருவேன் என்று காத்திராதே. ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனியாக வைப்பார்கள், மிசூலாவிலேயே பார். இரண்டு டப்பா வாங்கினால் இரண்டிலும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. ரேடார் வேகமானி என்னுடையது ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டு வருகிறேன். அம்மா உங்களுக்கு மிளகுப்பொடி இடித்துக் கொடுக்கிறேன் என்கிறார். வேறென்ன வேண்டும் என்று வனஜாவைக் கேட்டு எழுது.

அன்புடன்,
ரவி