திருவிருந்துப் பாடத்தில் அந்த வீட்டையும் காட்டுங்கள்

ஞாயிறு பள்ளிப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

ஸ்தோத்திரம்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய நிருபமான ஒன்று கொரிந்தியரின் 11ஆம் அதிகாரத்தைத் திருவிருந்துக்கு (அப்பமும் இரசமும் பகிரும் வழிபாட்டுக்கு) முந்தைய சுயபரிசோதனைப் பாடமாகவே ஆண்டுதோறும் அச்சிடுகிறீர்கள். பிள்ளைகளும் மனத்துக்குள் எந்தப் பாவம் ஒளிந்திருக்கிறதோ என்று தேடுகிறார்கள். பவுலுக்குக் கோபம் வந்ததோ திருவிருந்துக்குக் கூடிய பந்தியைப் பார்த்து. “ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்” என்று 21ஆம் வசனம் பச்சையாகவே சொல்கிறது.

கொரிந்து சபைக்குக் கோயில் கிடையாது; வசதியுள்ளவர் வீட்டில்தான் கூடினார்கள். உரோமானிய விருந்தறையில் சாய்ந்து உண்ண மூன்று மஞ்சங்கள், வழக்கமாக ஒன்பது பேர். மற்றவர்களுக்கு முற்றம்தான் இடமாக இருந்திருக்கும். ஞாயிறு விடுமுறையும் அன்று இல்லை. அது கி.பி. 321இல் உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கொடுத்தது. அடிமையும் கூலியாளும் வேலை முடித்து வந்து சேர்வதற்குள் உள்ளே பாத்திரம் காலியாகியிருக்கும். இது அக்கால உயர்குடியின் சாதாரண வழக்கம். தான் போன ஒரு விருந்தில் மது மூன்று தரமாக வந்தது என்று உரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி எழுதுகிறார்: வீட்டுக்காரருக்கும் முக்கியஸ்தர்களுக்கும் ஒன்று, சிறிய நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. (தன் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மது என்று பெருமைப்படுகிறார்; தானும் அந்த மலிவு மதுவைத்தான் குடிப்பாராம். சிக்கனமான சமத்துவம்!)

இதைத் தெரிந்துகொண்டு சபையை ஒரே உடலாகக் காட்டும் 12ஆம் அதிகாரத்தின் ‘சரீரம்’ உருவகத்தைப் படித்தால் அதன் காரம் புரியும். சரீர உவமை பவுலின் கண்டுபிடிப்பல்ல. நகரை விட்டு வெளியேறிய உரோம ஏழைகளை, மேல்தட்டின் தூதராகப் போன மெனேனியஸ் அக்ரிப்பா அதைச் சொல்லித்தான் சமாதானப்படுத்தினார் என்கிறார் உரோமானிய வரலாற்றாசிரியர் லிவி: வயிறு சும்மா இருப்பதாகத் தோன்றினாலும் கைகால்கள் அதற்கு ஊட்டத்தான் வேண்டும். மேல்தட்டு தனக்காகச் சொன்ன கதை. பவுல் அதைத் தலைகீழாக்கி, பலவீனமான உறுப்புக்கே அதிக மதிப்பு என்கிறார். ஒற்றுமையைப் பற்றிய இனிப்பான பாடமாக அதை நீங்கள் சுருக்கிவிட்டீர்கள்.

அடுத்த பதிப்பில் உரோமானிய வீடு ஒன்றின் வரைபடத்தை இந்தப் பாடத்தோடு சேருங்கள். நம் ஆலயங்களில் சாதிவாரி இருக்கையும் திருவிருந்தில் சாதி வரிசையும் ஒழிய வேண்டும் என்று பேராயர் தானியேல் வில்சன் 1833இல் கட்டளையிட்டதையும், தஞ்சைக் கிறிஸ்தவர்களில் பலர் அதை எதிர்த்ததையும் அதன் கீழேயே அச்சிடுங்கள். வகுப்பில் கேள்விகள் எழும். பதில் சொல்லும் பொறுப்பை ஆசிரியர்களாகிய நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர்