புதுப்பேட்டை பெரியவருக்கு நன்றி

ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு இடது பக்க டிரன்னியன் (முன்சக்கரத் தண்டின் அடி முனை மரையில் ஏறும் பித்தளைத் துண்டு) தேடி, சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியபோது உதவினீர்களே, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு.

சென்னையிலேயே தயாரான வண்டிதான். ஆனாலும் எங்கும் வலது பக்க டிரன்னியன்தான் கிடைத்தது. மரை எதிர்த்திசை என்பதால் அது இடதில் ஏறாது. சரியானதை எடுத்துக் கொடுத்துக் காசு வாங்கியிருந்தாலே போதும், நீங்கள் அதோடு விடவில்லை. பையிலிருந்த வெர்டிகல் லிங்க்கை, அதாவது டிரன்னியனுக்குள் திருகி ஏறும் அந்த இரும்புத் தண்டை, கேட்டு வாங்கி, மண்ணெண்ணெயில் துடைத்து, மரை தொடங்கும் கழுத்தில் நகத்தை ஓட்டினீர்கள். நகம் சிக்கியது. துரு தின்ற குழி.

"பித்தளை புதுசு, இரும்பு பழசு. திரும்பும்போது இங்கதான் ஒடியும், சக்கரம் மடங்கிடும்" என்றீர்கள். பிறகு பரணில் ஏறி, ஒரு கோணியையே கொட்டிக் கிளறி, நல்ல லிங்க் ஒன்றைத் தேடி எடுத்தீர்கள்.

காரணமும் சொன்னீர்கள்: யாரோ கிரீஸ் அடித்திருக்கிறார்கள். கிரீஸ் இறுகிவிட்டால் மரைக்குள் போகாது, தண்ணீர் தங்கும். 90 கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும், மேலே கசியும்வரை. டிரன்னியனைக் கடைசிவரை முறுக்கி, சற்றே பின்னுக்குத் தளர்த்தி, இரு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே போல்ட்.

வலது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தோம், அங்கும் கிரீஸ்தான். இப்போது இரண்டிலும் ஆயில். மிக்க நன்றி, ஐயா.